உக்காந்தவங்க ஜெயிக்கிற சபை

காலையில ஆறு மணிக்கு எங்க வீட்டுக் கேட்டைத் தட்டறவங்க யாரும் என்னைத் தேடி வர்றதில்ல. "தலைவரம்மா இருக்காங்களா?"ன்னுதான் கேப்பாங்க. நான் கதவைத் திறந்தா என் தோளுக்கு மேல எட்டி உள்ள பாப்பாங்க. ஏழு வருசம் ஆராய்ச்சி பண்ணி முனைவர் பட்டம் வாங்கினவன் நான். என் வீட்டு வாசல்ல எனக்கு அவ்வளவுதான் மரியாதை.

தலைவரம்மா என் பொண்டாட்டி மதிவதனி. டெல்டாவுல குத்தாலத்துக்குப் பக்கத்துல நெடுமருதங்குடின்னு எங்க ஊர். அந்த ஊராட்சி மன்றத்துக்கு அவதான் தலைவர். எனக்கு அவ மேல பொறாமை. வெக்கத்தை விட்டு இதை இப்பவே சொல்லிடறேன், சொல்லாம விட்டா மீதி எதுவும் விளங்காது. கட்டின பொண்டாட்டி மேல எவனாவது பொறாமைப்படுவானான்னு கேக்காதீங்க. படுவான். சோறு இறங்காம, தூக்கம் வராம, நல்லாவே படுவான்.

வேற எதுல அவ பெரியாளா ஆகியிருந்தாலும் எனக்கு இவ்வளவு வயிறு எரிஞ்சிருக்காது. பாட்டுப் பாடியிருக்கலாம், கடை வெச்சிருக்கலாம், நான் பின்னாடி நின்னு கை தட்டியிருப்பேன். ஆனா சபை நடத்தறது என் விஷயம். என் ஆராய்ச்சித் தலைப்பே அதுதான்: இங்கிலாந்துப் பொதுச்சபையின் அன்றாட அலுவல்கள், 1690 முதல் 1700 வரை. ராஜா யாரு, யுத்தம் எங்க, அதெல்லாம் ஊர்ல எல்லாரும் எழுதிட்டாங்க. எனக்கு வேண்டியது தினப்படி சங்கதி. காலையில எத்தனை மணிக்குக் கூடினாங்க, எந்த ஊர்க்காரன் மனு குடுத்தான், எந்த மசோதா எத்தனாவது வாசிப்புல நிக்குது, சாயங்காலம் இருட்டிப் போனா மெழுகுவத்தி கொண்டாரலாமா வேணாமான்னு அதுக்கும் ஒரு தீர்மானம். இத்தனையும் சபை எழுத்தர் அன்னன்னைக்கு எழுதி வெச்சிருக்கான். முந்நூறு வருசம் கழிச்சு அதை இன்டர்நெட்ல போட்டிருக்காங்க. நான் லண்டனைக் கண்ணால பாத்ததில்ல. ஆனா அந்தச் சபையில எந்த பெஞ்சு எங்க கிடந்துச்சுன்னு கேளுங்க, சொல்றேன்.

யாரும் கேக்கமாட்டாங்க, அதான் பிரச்சினை. தஞ்சாவூர்ல ஒரு கல்லூரியில கௌரவ விரிவுரையாளரா இருக்கேன். தினம் குத்தாலத்துல ரயிலேறிப் போயி விடுதலைப் போராட்டம் பாடம் எடுத்துட்டுத் திரும்பி வர்றேன். என் வாய்மொழித் தேர்வுக்கு மொத்தம் ஒம்பது பேர் வந்தாங்க, அதுல நாலு பேர் போண்டாவுக்காக வந்தவங்க. ஆய்வேட்டை முழுசாப் படிச்சது என் நெறியாளர் ஒருத்தர்தான், அதுவும் சந்தேகம். நானூத்திச் சொச்சம் பக்கம். மதி கல்யாணத்துக்கு முன்னாடி கும்பகோணத்துல ஒரு டிடிபி சென்டர்ல வேலை பாத்தவ, தமிழ் டைப்பிங்ல ஹையர் பாஸ் பண்ணவ. அதனால டைப் அடிச்சது அவ. நன்றியுரையில பதினேழு பேருக்கு நன்றி சொன்னேன். அவ பேரைப் போடல. வீட்டு ஆளுக்கு என்ன நன்றின்னு விட்டுட்டேன்.

தலைவர் பதவி எங்க ஊருக்குப் பட்டியலினப் பெண்கள்னு ஒதுக்கீடு ஆனப்ப, அவளை நிக்கச் சொன்னதே நான்தான். மகளிர் குழுவுல பத்து வருசமா ஓடியாடினவ, நாலு தெருவுலயும் பேரு இருந்துச்சு. பக்கத்து ஊர்கள்ல எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரியும். பொண்டாட்டி கையெழுத்துப் போடுவா, புருஷன் நாற்காலியில உக்காருவான். நான் அந்த மாதிரி ஆளில்ல, ஆனா சபை நடைமுறை தெரிஞ்சவன் ஒருத்தன் பக்கத்துல இருக்கறது நல்லதுதானேன்னு நினைச்சேன். நாலு வெள்ளைச் சட்டை தெச்சுக்கிட்டேன். பொய் சொல்லல, நாலு.

ஜெயிச்ச பிறகு முதல் தடவை ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். அங்க இருந்த அதிகாரி என்னைப் பாத்து, சார், நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க, தலைவர் மட்டும் வரட்டும்னாரு. நான் மதியைப் பாத்தேன். இவரும் வரட்டும்னு அவ ஒரு வார்த்தை சொல்லுவான்னு எதிர்பாத்தேன். அவ சொல்லல. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு உள்ள போயிட்டா. வெள்ளைச் சட்டையோட ஒன்றரை மணி நேரம் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தேன். அன்னைக்குப் பத்திக்கிட்டது.

அதுக்கப்புறம் நித்தம் ஒண்ணு. தெரு விளக்கு எரியல, தண்ணித் தொட்டி வழியுது, நூறு நாள் வேலையில பேரு விட்டுப்போச்சுன்னு மனு மேல மனு வரும். அவ ஒவ்வொண்ணையும் வாங்கி, தேதி போட்டு, எதிர்ல இருக்கறவங்களுக்கே ஒருதரம் படிச்சுக் காட்டுவா. ரெண்டு நாள் கழிச்சு வார்டு உறுப்பினர்களை வெச்சு மறுபடி படிப்பா. ரெண்டாம் வாசிப்பு! இதுக்கு நான் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன். இவ யாருகிட்டயும் கேக்காம தானாப் பண்றா. உறுப்பினர் ரெண்டு பேரு சண்டை போட்டா, நீங்க என்னைப் பாத்துப் பேசுங்க, அவரைப் பாத்துப் பேசாதீங்கன்னு அடக்குவா. அதுவும் லண்டன் சபை வழக்கம்தான். என் ஏழு வருச உழைப்பு இவ வாய்ல சாதாரணமா வருதேன்னு எனக்கு ஆத்திரமா வரும். ஒருநாள் இந்த விவரத்தைச் சொல்லிப் பாத்தேன். அப்படியாங்கன்னு சிரிச்சுட்டு அடுத்த மனுவை எடுத்துட்டா.

பேப்பர்ல ஒருதரம் அவ படம் வந்துச்சு, நல்ல ஊராட்சின்னு விருது வாங்கினப்ப. நானும் பக்கத்துலதான் நின்னேன். வெட்டிப் போட்டதுல என் இடது தோள் மட்டும் வந்திருந்துச்சு. அந்தப் படத்தை அவ ஃபிரேம் போட்டு மாட்டினா, நான் தினம் என் தோளைப் பாத்துக்கிட்டே சட்டை போட்டுக்கிட்டேன்.

சரி, மே ஒண்ணாம் தேதிக் கதைக்கு வர்றேன்.

எங்க ஊர்ல நெல் கொள்முதல் நிலையம் இருக்கு, ஆனா அதுக்குன்னு கட்டடம் கிடையாது. ரோட்டோரத்துல நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, எப்ப எடை போடுவாங்கன்னு காத்துக் கிடக்கணும். என் சின்னம்மா காத்தாயி ரெண்டு ஏக்கர் குத்தகைக்குப் பண்றவ. போன தை மாசம் அவ நெல்லு ஒம்பது நாள் ரோட்டுல கிடந்துச்சு. பத்தாம் நாள் பருவம் தப்பி மழை கொட்டி மூட்டைக்குள்ளயே நெல்லு முளைச்சுப் போச்சு. முளைச்ச நெல்லை ஒரு கை அள்ளிக்கிட்டு வந்து மதி முன்னாடி வெச்சுட்டு உக்காந்துட்டா. அன்னையிலேருந்து மதி ஒத்தக் கால்ல நின்னு அலைஞ்சா. கூரை போட்ட கொட்டகை, சிமெண்டுக் களம், எல்லாத்துக்கும் ஒப்புதல் வாங்கிட்டா. இடம்தான் பாக்கி. மந்தைப் புறம்போக்குல நாப்பது சென்ட் குடுக்கறோம்னு கிராம சபை தீர்மானம் போட்டுத் தரணும். மே ஒண்ணாம் தேதிக் கூட்டத்துல தீர்மானம் ஆகலைன்னா கட்டடம் வேற ஊருக்குப் போயிடும்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.

அந்த மந்தையில பஞ்சநதத்தோட ரெண்டு அறுவடை மிஷினும் டிராக்டரும் நிக்குது. ஊர்லயே பெரிய நிலக்காரர் அவர். கெட்டவர்னு சொல்லமாட்டேன், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். ஆனா அது ஊர்ப் பொது இடம், திருவிழாவுக்கு வேணும், இருக்கறபடியே இருக்கட்டும்னு பேசிக்கிட்டு இருந்தார். அவருகிட்ட குத்தகைக்குப் பண்றவங்க, அவர் வயல்ல வேலைக்குப் போறவங்க பாதி ஊரு. கிராம சபையில கையைத் தூக்கச் சொன்னா, எல்லாரும் முதல்ல அவர் முகத்தைப் பாப்பாங்க. மதிக்கு இதான் கவலை.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். ஊர்ல என்னை டாக்டர்னு கூப்பிடற ஒரே ஆளு பஞ்சநதம்தான். கடைத்தெருவுல பாத்தா, டாக்டர் தம்பி, காலேஜ் எப்படிப் போவுதும்பார். மத்தவனுக்கெல்லாம் நான் தலைவரம்மா வீட்டுக்காரர்.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்னாடி மதி என்கிட்ட வந்தா. சாயங்காலம், நான் விடைத்தாள் திருத்திக்கிட்டு இருந்தேன். எதிர்ல உக்காந்து, கை தூக்காம ஓட்டு எடுக்க வழி இருக்காங்கன்னு கேட்டா. தலைவராகி மூணு வருசத்துல அவ என்னைக் கேட்ட முதல் கேள்வி. எனக்குச் சந்தோசம் வந்திருக்கணும். வரல. இவ்வளவு நாள் என் ஞாபகம் வரலியே, இப்ப மாட்டிக்கிட்டதும் வருதான்னு தோணுச்சு. அந்த நிமிசமே எனக்கு நாலாம் அத்தியாயம் ஞாபகம் வந்துச்சு.

நாலாம் அத்தியாயம் ஓட்டெடுப்பு. அந்தக் காலத்துல லண்டன் சபையில கையும் தூக்கமாட்டாங்க, சீட்டும் போடமாட்டாங்க. குரலை வெச்சு முடிவு பண்ண முடியலைன்னா சபை ரெண்டாப் பிரியும். ஒரு கட்சி எழுந்து வெளிய போகணும், இன்னொரு கட்சி உக்காந்த இடத்துலயே இருக்கணும். புதுசா ஒண்ணு வேணும்கறவன் வெளிய போகணும், இருக்கறது இருக்கட்டும்கறவன் உக்காந்திருக்கணும். பொதுவா அதான் விதி. உள்ள இருக்கறவங்களை எண்ணிட்டு, வெளிய போனவங்களை வாசல்ல நிறுத்தி ஒவ்வொருத்தரா உள்ள விட்டு எண்ணுவாங்க. இதுல ஒரு சூட்சுமம். சபை சின்ன இடம், உறுப்பினர் ஐந்நூறு பேருக்கு மேல. எழுந்து போனா உக்காந்த இடம் போயிடும். அதனால சோம்பேறியும், ரெண்டுங்கெட்டானும், இடத்தை விட மனசில்லாதவனும் அப்படியே உக்காந்திருப்பான், அத்தனையும் உள்ள இருக்கற கட்சிக் கணக்குல சேரும். வெளிய போற கட்சி பாதி தோத்துட்டுத்தான் எழுந்திரிக்கும்.

எங்க ஊரு சமுதாயக் கூடத்துல நாலு ஃபேன். மே மாசம், பதினோரு மணி. வெளிய கால் வெச்சா கொப்பளிக்கும். எவன் எழுந்து போவான்?

மதிகிட்ட முறையைச் சொன்னேன். சூட்சுமத்தைச் சொல்லல. யாரும் யார் முகத்தையும் பாக்க வேணாம், இருநூறு முந்நூறு வருசம் பெரிய சபையே இப்படித்தான் நடந்துச்சுன்னு அளந்தேன். அவ கன்னத்துல கையை வெச்சுக் கேட்டுக்கிட்டிருந்தா. வெளிய போனவங்களை எங்க நிறுத்தி எண்ணுவாங்கன்னு மட்டும் ஒரு கேள்வி கேட்டா. வாசல்லன்னேன். சரிங்க, நீங்களே முன்ன நின்னு நடத்துங்கன்னா. சொல்லிட்டு எழுந்து போகும்போது என் தோள்ல கையை வெச்சு ஒரு அழுத்து அழுத்திட்டுப் போனா. அதுக்கப்புறமும் நான் மனசு மாறல. அவ ஒரே ஒருதரம் தோக்கணும். தோத்து வீட்டுக்கு வந்து, இப்ப என்னங்க பண்றதுன்னு என்னைக் கேக்கணும். காத்தாயி நெல்லு அந்த நேரத்துல என் நினைப்புலயே இல்ல.

மே ஒண்ணாம் தேதி காலையில கூடத்து வாசல்ல சாமியானா கட்டிக்கிட்டு இருந்தாங்க. எதுக்குன்னு கேட்டேன். வெயிலுக்கு மோர்ப் பந்தல்னா மதி. ஒரு மூலைக் கயித்தை என்கிட்ட குடுத்துப் புடிக்கச் சொன்னா. நான் புடிச்சேன். நல்லா இழுத்துக் கட்டினேன்.

ஊராட்சிச் செயலர் சித்தீக் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கிட்டு சாமியானா கீழயே மேசை போட்டு உக்காந்தாரு. வந்தவங்க அத்தனை பேரும் அங்க கையெழுத்துப் போட்டாங்க. நானும் போட்டேன், பஞ்சநதமும் போட்டாரு. நிலக்காரங்க, வயசான ஆம்பளைங்க, பஞ்சநதத்தோட மகன் செந்தில்குமாரும் அவன் சேக்காளிகளும் உள்ள போயி ஃபேனுக்குக் கீழ நாற்காலி புடிச்சாங்க. நூறு நாள் வேலைப் பொம்பளைங்க எப்பவும் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. அன்னைக்குக் கிளம்பல. ஜமக்காளம் விரிச்சிருந்துச்சு, பானையில மோர் இருந்துச்சு, ஒலிபெருக்கியில உள்ள பேசறது வெளியவும் கேட்டுச்சு. உக்காந்துட்டாங்க. நான் அவங்களைத் தாண்டித்தான் உள்ள போனேன். சத்தியமா எனக்கு ஒண்ணும் உறைக்கல. எங்கம்மா உயிரோட இருந்தவரைக்கும் எந்த ஊர்க் கூட்டத்துலயும் கூரைக்குக் கீழ உக்காந்ததில்ல, வாசலோட சரி. அது தெரிஞ்சவன் நான். லண்டன் சபையில எந்த பெஞ்சு எங்க கிடந்துச்சுன்னு தெரிஞ்சவனுக்கு, சொந்த ஊர்ச் சபையில சொந்த ஜனம் எங்க உக்காரும்னு அன்னைக்கு மறந்து போச்சு.

வரவு செலவு படிச்சாங்க, குடிநீர் பேசினாங்க, பிறகு மந்தைத் தீர்மானம் வந்துச்சு. பஞ்சநதம் எழுந்து அமைதியா அஞ்சு நிமிசம் பேசினார். மதி ரெண்டே நிமிசம் பேசினா, காத்தாயி பேரைக்கூட எடுக்கல, ஒம்பது நாள் ரோட்டுல, பத்தாம் நாள் மழைன்னு மட்டும் சொன்னா. அப்புறம் மைக்குல என்னைக் கூப்பிட்டா. எங்க வீட்டுக்காரர் முனைவர் செழியன், சபை ஓட்டெடுப்பு பத்தி ஏழு வருசம் ஆராய்ச்சி பண்ணவர், இன்னைக்கு ஓட்டெடுப்பை அவர்தான் நடத்துவார்னா. ஊரு கை தட்டுச்சு. என் கல்யாணத்துக்கு அப்புறம் எனக்காக ஊரு கை தட்டினது அதான் முதல் தடவை. மைக்கை வாங்கி முறையை விளக்கிச் சொன்னேன். மேற்பார்வைக்கு வந்திருந்த ஒன்றியப் பற்றாளர் சாமிதுரை, ரெண்டு தரப்பும் சம்மதிச்சா எப்படி வேணா எண்ணுங்கன்னாரு. பஞ்சநதம் அவசரப்படல, ஃபேனைப் பாத்தார், வெளிய வெயிலைப் பாத்தார், டாக்டர் தம்பி சொன்னா சரிதான்னார். அவருக்குச் சூட்சுமம் புரிஞ்சுடுச்சு.

மந்தையில கட்டடம் வேணும்கறவங்க வெளிய போங்க, வேணாம், இருக்கறபடி இருக்கட்டும்கறவங்க உக்காந்திருங்கன்னு சொன்னேன். நாற்காலி ரெண்டு கிரீச்சுனுச்சு. ஒரு ஏழெட்டுப் பேரு எழுந்து போனாங்க. மத்தவங்க அசையல. கதவைச் சாத்தினோம். நானும் செந்தில்குமாரும் உள்ள இருந்தவங்களை எண்ணினோம். முப்பத்தெட்டு. என் மனசுக்குள்ள ஒரு குளிர்ச்சி. தலைவர் நாற்காலியில மதி அசையாம உக்காந்திருந்தா, அவளைப் பாக்கவே எனக்கு அன்னைக்குத் தைரியம் இருந்துச்சு.

கதவைத் திறந்து, சித்தீக்கும் எங்க தெரு வார்டு உறுப்பினர் எழில்மொழியும் வாசல் ரெண்டு பக்கமும் நின்னு, வெளிய இருந்தவங்களை ஒவ்வொருத்தரா உள்ள விட்டாங்க. அந்த ஏழெட்டுப் பேரு வந்தாங்க. அவங்க பின்னாடி காத்தாயி வந்தா. அவ பின்னாடி இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. சித்தீக் எண்ணிக்கிட்டே இருக்காரு, முப்பது, நாப்பது, அறுபது. மோர் குடிச்ச வாயைத் தலைப்புல துடைச்சுக்கிட்டு வந்துக்கிட்டே இருக்காங்க. நாற்காலிக்கு நடுவுல, சுவரோரம், மேடைக்குக் கீழ, நிக்க இடமில்ல. இடம் பத்தாம உக்காந்திருந்தவங்க சில பேரு எழுந்து நின்னாங்க. எண்ணி முடிக்கும்போது நூத்திப் பதினாறு.

சித்தீக் அதை உரக்கச் சொன்னாரு.

செந்தில்குமார் கத்த ஆரம்பிச்சான். பஞ்சநதம் அவனைக் கையால அடக்கிட்டு, என்னைப் பாத்துத் திரும்பினார். எப்பவும் போல மெதுவாத்தான் பேசினார்.

"டாக்டர் தம்பி, ஒரு நியாயம் கேக்கறேன். இந்தப் பொம்பளைங்க யாரும் உள்ள இருந்து எழுந்து போனவங்க இல்ல. நீங்க கேள்வி போட்டப்பவே வெளியதான் இருந்தாங்க. உங்க லண்டன் சபையில அந்த ஓட்டு செல்லுமா?"

செல்லாது. இதை எனக்கு விட யாருக்குத் தெரியும்? கேள்வி போடறப்ப சபைக்குள்ள இல்லாதவனுக்கு ஓட்டு கிடையாது. நானே எழுதியிருக்கேன், ரெண்டு உதாரணத்தோட. ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் நினைச்சது நடந்துடும், அதுவும் பொய்யே சொல்லாம, என் படிப்பு சாட்சியா நடந்துடும்.

பற்றாளர் பேனாவை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. சித்தீக் பாத்தாரு. கூடம் நிறைய நின்ன அத்தனை பொம்பளைங்களும் என் வாயைப் பாத்தாங்க. காத்தாயி, என்ன செழியான்னு கேக்கற மாதிரி நின்னா. மதி மைக்கைத் தன் பக்கமா இழுத்தா.

"அவரே சொல்லட்டும். டாக்டர் சொல்றதுக்குக் கட்டுப்படறேன்."

என்னை அவ டாக்டர்னு கூப்பிட்டது அதான் முதல் தடவை.

நல்ல மனசு வந்து நான் திருந்திட்டேன்னு நினைச்சுடாதீங்க, எனக்கே அது நிச்சயமில்ல. காத்தாயி முகமும் தெரிஞ்சுது, இல்லேங்கல. ஆனா அதை விட, நூத்தம்பது பேரு என் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாங்க. அவளும் காத்திருந்தா. மூணு வருசமா நான் ஏங்கினது அது ஒண்ணுக்குத்தான். அது கைக்கு வந்ததும் வயித்துல இருந்த நெருப்பு கொஞ்சம் தணிஞ்சுது.

"செல்லும்"னு சொன்னேன். "கையெழுத்துப் போட்ட மேசை எங்க இருக்கோ அதான் சபை. மேசை வெளியதான் இருந்துச்சு. அவங்க சபைக்குள்ளதான் இருந்தாங்க."

அப்படி ஒரு விதி எந்த நாட்டுச் சபையிலயும் கிடையாது. நின்ன நிலையில நான் கட்டினது. பற்றாளர் தலையை ஆட்டிட்டு எழுதிக்கிட்டார். பஞ்சநதம் ஒரு நிமிசம் என்னைப் பாத்தார், துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டார், சரிங்க செழியன்னுட்டு எழுந்து போயிட்டார். டாக்டர் போச்சு. காத்தாயி கூட்டத்துல முட்டி மோதி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டா. நீ படிச்ச படிப்பு வீண் போகலடா செழியான்னா. நான் கையை உருவிக்கப் பாத்தேன், அவ விடல.

மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். மதி சோறு போட்டா. காலையில வெச்ச முருங்கைக்கா சாம்பார். ஊரே என்னைப் புகழ்ந்து தள்ளிட்டு இருந்துச்சு, என்ன மூளைப்பா, பொண்டாட்டி ஜெயிக்க என்னமா வழி பண்ணிட்டாருன்னு. வழியெல்லாம் வந்த அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கே அது பாதி உண்மைன்னு தோண ஆரம்பிச்சிருந்துச்சு. ரெண்டாம் தடவை சோறு வாங்கிக்கிட்டேன்.

அவ எனக்கு எதிர்ல உக்காந்து, சாதாரணமாத்தான் ஆரம்பிச்சா.

"எழுந்து போனா இடம் போயிடும்னு யாரும் எழுந்திரிக்க மாட்டாங்க, வெளிய போற கட்சிதான் தோக்கும். நாலாம் அத்தியாயம், நூத்தி எம்பத்தாறாம் பக்கம். அந்த அத்தியாயம் மட்டும் மூணு தடவை டைப் அடிச்சேன், நீங்க திருத்திக்கிட்டே இருந்தீங்க."

எனக்குச் சோறு வாய்லயே நின்னுடுச்சு. சாமியானா, ஜமக்காளம், மோர், வாசல்ல பதிவேடு, எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. நான் இழுத்துக் கட்டின கயிறும்.

"உக்காந்திருக்கறவங்கதான் ஜெயிப்பாங்கன்னு எழுதியிருந்தீங்க. நான் யாரையும் எழுந்து போகச் சொல்லல. எங்க உக்காரணுமோ அங்க உக்கார வெச்சேன், அவ்வளவுதான்."

"கேள்வி போடறப்ப வெளிய இருந்தா ஓட்டு இல்லங்கறது?"

"அதுவும் அடிச்சிருக்கேன். அடுத்த பக்கம்."

"அது தெரிஞ்சுமா என்கிட்ட விட்ட?"

அவ சாம்பார்க் கரண்டியைக் கீழ வெச்சா. அவ குரல்ல கோவம் இல்ல. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அதுக்கு மட்டும் என்கிட்ட ஏற்பாடு இல்லைங்க. ஆனா உங்களை எனக்குத் தெரியும். ஊரு முன்னாடி உங்களை ஒருத்தர் கேக்கணும், அவ்வளவுதானே. கேட்டா என் பக்கம் சொல்லிடுவீங்கன்னு தெரியும்."

இவ்வளவு நாளா நான் பொத்திப் பொத்தி வெச்சிருந்தது அவளுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. எனக்கே தெரியறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கு. அப்பவும் எனக்கு அவ மேல பொறாமைதான் வந்துச்சு. ஆய்வேட்டை ஒருத்தி முழுசாப் படிச்சிருக்கா, என்னை விட நல்லாப் படிச்சிருக்கா, அதுவும் இந்த வீட்டுலயே இருந்திருக்கா.

கை கழுவிட்டு வந்தப்ப தீர்மானப் புத்தகத்தை மேசையில திறந்து வெச்சிருந்தா. சித்தீக்குக்குக் கையில சுளுக்கு, நடவடிக்கையை நீங்களே உங்க கையெழுத்துல எழுதிக் குடுங்க, சாயங்காலம் அனுப்பணும்னா. நானூத்திச் சொச்சம் பக்கம் எழுதினவன், இந்த ஒரு பக்கத்தை எழுத உக்காந்தேன். தேதி போட்டேன். தீர்மானத்தை எழுதினேன். வெளியே நூற்றுப் பதினாறு பேர்னு எழுதினேன். உள்ளே முப்பத்தெட்டு பேர்னு எழுதினேன்.

அவ என் பின்னாடி நின்னு படிச்சா.

"கதவைச் சாத்தறப்ப நீங்களும் உள்ளதானே இருந்தீங்க. எண்ணற ஆளுங்களையும் சேத்துத்தான் எண்ணணும்னு ஆய்வேட்டுல எழுதியிருக்கீங்களே. செந்தில்குமார் தன்னைச் சேத்துட்டானாம். நீங்க உங்களைச் சேக்கல."

பேனாவை எடுத்து முப்பத்தெட்டை அடிச்சேன். மேல முப்பத்தொன்பதுன்னு எழுதி, திருத்தினதுக்குப் பக்கத்துல சின்னதா என் கையெழுத்தைப் போட்டேன். அவ கீழ தலைவர்னு இருந்த இடத்துல தன் கையெழுத்தைப் போட்டுட்டு, புத்தகத்தை மூடி எடுத்துக்கிட்டு, வாசல்ல யாரோ கேட்டைத் தட்டறாங்கன்னு போயிட்டா.